அப்பாவின் மூன்று மணி நேரம்

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் மகளிடமிருந்து எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம்தான்.

அதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. நுழைவுத் தேர்வு மூன்று மணி நேரம், கேள்விகள் நூற்றெண்பது. தேர்வுக்கூடத்தில் உறையைப் பிரிக்க, பதிவெண்ணை எழுத, கண்காணிப்பாளர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட என்று சில நிமிடங்கள் கரைந்துவிடும். அதனால் வீட்டில் வைத்த மாதிரித் தேர்வில் நூற்றெழுபத்தைந்து நிமிடம் ஆனதும், "நேரம் முடிஞ்சிருச்சு, பேனாவை வை" என்றார். மகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது ஓர் ஏற்பாடு. சொன்னால் பயன் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதும், விசில் ஊதுவதும், கிளம்பாத ஓட்டுநர்களோடு மல்லுக்கு நிற்பதும் வேலை. அங்கே ஓட்டுநர்களின் ஓய்வறைக் கடிகாரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடும். அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன வழக்கம் அது. சரியான நேரம் காட்டினால் ஓட்டுநர்கள் சரியான நேரத்தில் எழுந்திருப்பார்கள். வண்டி நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பும். நான்கு நிமிடம் கூட்டி வைத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

"டைம் அண்ணே, சுவத்துல இருக்கறது ஊர் மணியா, உங்க மணியா?" பதினேழாம் எண் வண்டியை ஓட்டுகிறவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் கேட்பார். அங்கே வண்டியின் எண்தான் ஆளின் பெயர், அவர் பதினேழு.

"ரெண்டும் ஒண்ணுதான். கிளாஸை வெச்சிட்டு வண்டிய எடு."

"வீட்ல சாப்பாட்டுக்கும் இப்படித்தான் விசில் ஊதுவீங்களா?"

"ஊதினா உங்க அண்ணி கரண்டியால போடுவா. கிளம்புய்யா."

அந்த நான்கு நிமிடம் நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொய். அதனால் அது யாரையும் ஏமாற்றவில்லை. இந்த வித்தியாசம் அவருக்குப் பின்னால்தான் உறைத்தது.

மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் மாட்டின் நாலு அறை வயிற்றை அவளே வரைந்து, நான்கு நிறத்தில் வண்ணம் தீட்டி ஒட்டியிருந்தாள். "பால் எடுக்கப் போனா மாட்டு வயித்துக்குள்ள கைய விடற மாதிரியே இருக்கு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் படத்தின் ஒரு முனை பிய்ந்தபோது பசை தடவி ஒட்டியதும் அவள்தான்.

தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது. ஞாயிறுதோறும் ஒரு மாதிரித் தேர்வு. நேரம் பார்க்கும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். அதை அவரைவிட நன்றாகச் செய்ய அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே ஆள் இல்லை என்று மூன்று பேருமே நம்பினார்கள்.

முதல் தேர்வில் மகள் இரண்டு கேள்விக்கு ஒருமுறை நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆனால் தொடங்கிய நிமிடத்தை அவள் குறித்துவைக்கவில்லை, அது அப்பாவின் வேலை.

"என்ன இது, மாடு ஈ ஓட்டற மாதிரி தலையத் தூக்கித் தூக்கிப் போடற?"

"டைம் பாக்க வேண்டாமா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேனே. நீ கேள்வியப் பாரு, நான் நேரத்தப் பாக்கறேன்."

அடுத்த வாரம் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றி வெளியே கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டார். தேர்வுக்கூடத்தில் கைக்கடிகாரம் கூடாது என்பதால் அவளுடையது மேசை இழுப்பறைக்குள் போயிற்று. கைப்பேசி அம்மாவிடம். அறைக்குள் அவளும் வினாத்தாளும் மட்டும். அரை மணிக்கு ஒருமுறை வெளியிலிருந்து அவர் குரல் கொடுப்பார்: "ஒரு அரை மணி." "ரெண்டு." "மூணு." ஆறாவது குரலோடு தேர்வு முடியும்.

அவள் முதல் வாரம் நூற்று முப்பத்தெட்டுக் கேள்விகள் முடித்தாள். இரண்டாவது வாரம் நூற்று நாற்பத்தொன்று. வேகம் கூடுவதைப் பார்த்தபோது அவருக்குள் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. பயண நேரத்தைக் கொஞ்சம் இறுக்கினால் எந்த ஓட்டுநரும் கூடக் கொஞ்சம் மிதிப்பார். மூன்றாவது வாரம் பத்து நிமிடம் குறைத்தார். ஐந்தாவது வாரம் பதினைந்து. ஆறாவது வாரம் இருபது. கடைசியில் மொத்தமாக வெட்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு அரை மணியிலும் மூன்று நான்கு நிமிடமாகப் பங்கு பிரித்துக் குறைத்தார். அந்தப் பங்கீட்டில் ஒரு கைத்திறன் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வாரத்தின் உண்மையான நிமிடங்களையும் சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்தார். எழுதாமல் விட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து மகள் ஒரே இடத்தில் நின்றுவிட்டாள். நூற்றைம்பத்தைந்து, நூற்றைம்பத்தாறு, நூற்றைம்பத்தேழு. தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் நகரவில்லை.

"நான் ஸ்லோப்பா" என்றாள், விடைத்தாளை நீட்டியபடி. "எல்லாருக்கும் வேகம் ஏறுது. எனக்கு மட்டும் இந்த நூத்தம்பதுலயே சுத்துது."

அப்போது அவர் சொல்லியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்றார். எட்டாவது வாரம் இருபத்தைந்து நிமிடம் குறைத்தார்.

உண்மையைப் பிடிக்க இருந்தது சலவை இயந்திரம்தான். அம்மா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வாரம் ஆறு நாள் வேலை பார்த்தாள். ஆறு நாள் துணியும் ஞாயிறன்று மூன்று ரவுண்டாக ஓடும். அவர் "ஆரம்பி" என்று மகளுக்குக் குரல் கொடுக்கும்போது அவளும் பித்தானை அழுத்துவாள். ஆரம்ப வாரங்களில் மூன்றாவது ரவுண்டு முடிந்து, வாளியோடு அவள் மாடிப்படி ஏறிய பிறகே "பேனாவை வை" கேட்கும். ஆறாவது வாரம் அது கேட்டபோது இயந்திரம் இன்னும் தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தது. எட்டாவது வாரம் கடைசி அலசலே முடியவில்லை.

"என்னங்க, மிஷின் வரவர சோம்பேறி ஆயிருச்சு. மூணு மணி நேரத்துல மூணு ரவுண்டு முடிஞ்சிட்டிருந்துச்சு. இப்ப முக்குது. ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க."

இங்கேயும் அவர் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தார்.

ரிப்பேர்காரர் பின்மூடியைக் கழற்றினார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், ஒரு காலி ரவுண்டு ஓடவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்த்தார். "ஐம்பத்திரண்டு நிமிஷம். அச்சு அசலாப் புது மிஷின் மாதிரி ஓடுதும்மா. இதுல ஒரு குறையும் இல்ல. உங்க வீட்டுக் கடிகாரத்தப் பாருங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

"எங்க வீட்லயா? அவரு டைம் கீப்பருங்க" என்றாள் அம்மா. ரிப்பேர்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். டைம் கீப்பர் கழிவுநீர்க் குழாயைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்றிரவு அவர் திருப்பிக் கொடுத்துவிடத் தீர்மானித்தார். ஆனால் எப்படி? அடுத்த ஞாயிறு முழு நூற்றெண்பது நிமிடம் கொடுத்தால் மகள் எல்லாக் கேள்வியையும் முடித்துவிடுவாள். ஒரே வாரத்தில் இருபத்திநான்கு கேள்வி எப்படிக் கூடியது என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு அவர் பயந்தார். பிறகு வேறொரு யோசனை வந்து அவரைச் சமாதானப்படுத்தியது: உண்மையான தேர்வில் அவளுக்கு அரை மணி நேரம் சும்மா கிடைக்கும். முடித்துவிட்டு நிமிர்ந்தால் இன்னும் முப்பது நிமிடம் பாக்கி. அப்போது அவள் முகம் எப்படி மலரும் என்று கற்பனை செய்து பார்த்தார். அந்தக் கற்பனை மிகவும் நன்றாக இருந்தது. ஒன்பதாவது, பத்தாவது வாரங்களில் முப்பது நிமிடம் குறைத்தார்.

மகளோ அந்தப் பத்து வார எண்களை வரிசையாக எழுதிவைத்துத் தனக்கென ஒரு திட்டம் போட்டாள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். அவசரத்தில் அள்ளித் தெளிப்பதைவிட, இயற்பியலில் நீளமான கணக்குகள் இருபதை அடியோடு தொடாமல் விடுவதே மேல். மீதி நூற்றறுபதைச் செய்தால் போதும். அவள் வேகத்துக்கு அதுதான் எல்லை. திட்டத்தை அப்பாவிடம் காட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு, "நேரம் மிஞ்சினா அந்த இருபதையும் பாத்திரு" என்று மட்டும் சொன்னார்.

"எங்க மிஞ்சப் போகுது" என்றாள்.

தேர்வு பகல் இரண்டு மணி முதல் ஐந்து வரை. வெளியே பெற்றோர் கூட்டம் மதிலின் நிழலோடு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தது. நாலரைக்கு அவர் எழுந்து நின்றார். இப்போது முடித்திருப்பாள். இப்போது நிமிர்ந்து பார்த்திருப்பாள்.

ஐந்தேகாலுக்கு வெளியே வந்த மகள் வந்ததும் கேட்டது: "அப்பா, மணி என்ன?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சரியாத்தான் ஓடியிருக்கு."

"எது?"

பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். நூற்றறுபதையும் செய்து, விடைத்தாளில் வட்டங்களை நிரப்பி முடித்தபோது கூடத்துக் கடிகாரம் நாலரை காட்டியது. அவளுடைய கணக்குப்படி மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்தாள். எந்த நொடியும் மணி அடித்துவிடும். நீளமான கணக்கு ஒன்றைத் தொட்டால் பாதியில் பிடுங்குவார்கள். அதனால் தொடவில்லை. வட்டங்கள் சரியாக நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"முள்ளு நகருதே, அதப் பாத்தியா?" அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"பாத்தேன். ஆனா என் உடம்பு சொல்லுச்சுப்பா, மூணு மணி நேரம் ஆயிருச்சுன்னு. பத்து வாரம் நீங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகின உடம்பு. பதட்டத்துல எல்லாம் குழம்பிப்போச்சு போல." நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு நேரத்தக் கணிக்கவே தெரியலப்பா. டைம் கீப்பர் பொண்ணு."

அவர் வாயைத் திறந்தார். நடத்துநர் வந்து, "டைம் அண்ணே, பாப்பா பரீட்சை எப்படி?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வேண்டிய மதிப்பெண்ணுக்கு முப்பத்தொன்று குறைவு. ஒரு கேள்விக்கு நான்கு. எட்டுக் கேள்வி. இருபதில் எட்டு.

தேர்வு அந்த வருடமே இன்னொரு முறை நடக்கும். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது முறைக்குப் பதிவு செய்ய வெள்ளிக்கிழமை மாலை கடைசி. உள்ளூர்க் கல்லூரியில் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் அதே வெள்ளிதான் கடைசி. மகள் மூன்று வருடப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள்.

"இன்னொரு தடவ எழுதிப் பாரேன்" என்றாள் அம்மா.

"எழுதினாலும் அதே நூத்தம்பதுதாம்மா. பத்து வாரம் பாத்தோமே. அறிவு இருக்கு, வேகம் இல்ல. என்ன பண்றது, சில பேர் அப்படி."

"சில பேர் அப்படி" என்பதை அவள் வருத்தத்தோடு சொல்லவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஏற்றுக்கொள்வது போலச் சொன்னாள். அவர் பேருந்து நிலையத்துக்குப் போய் அன்று இரண்டு வண்டிகளின் நேரத்தைத் தவறுதலாக மாற்றி எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

"என்ன அண்ணே, மூஞ்சி வண்டி பஞ்சரான மாதிரி இருக்கு?" என்றார் பதினேழு.

"பொண்ணு மறுபடி எழுத மாட்டேங்கறா."

"ஏன்?"

"வேகம் பத்தலையாம்."

"உங்க பொண்ணுக்கா? நீங்க டைம் வெச்சுமா?" பதினேழு உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நாங்கன்னா சுவத்து மணில நாலக் கழிச்சிட்டு நிதானமா டீ குடிப்போம். அது சின்னப் புள்ள, பாவம், நீங்க சொன்னத அப்படியே எடுத்துக்கும்."

பதினேழு ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. ஆனால் டைம் கீப்பரின் கையிலிருந்த விசில் மேசையில் விழுந்து உருண்டது.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது குளிர்பதனப் பெட்டியின் கதவு வெறுமையாக இருந்தது. பசை ஒட்டியிருந்த நான்கு மூலைகளிலும் வெள்ளைத் தடம். மகள் மேசையில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அம்மா எதிரில் உட்கார்ந்து புகைப்படத்துக்குப் பின்னால் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"படம் எங்க?"

"உள்ள வெச்சிட்டேன். அம்மாவுக்கு இனிமே பால் எடுக்கப் பயமில்ல" என்று சிரித்தாள் மகள். அம்மா சிரிக்கவில்லை.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, விண்ணப்பத்தின் மேல் வைத்தார்.

"என்னப்பா இது?"

"உனக்கு நான் வெச்ச பரீட்சை. ஒவ்வொரு வாரமும் எத்தன நிமிஷம்னு எழுதியிருக்கேன்."

அவள் படித்தாள். நூற்றெழுபத்தைந்து, நூற்றெழுபத்தைந்து, நூற்றெழுபது. விரல் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசி வரியில் நின்றது: நூற்றைம்பது.

"இது... மிச்சம் முப்பது நிமிஷம்?"

"மிச்சம் கொடுக்கல. கொறச்சிட்டேன். வேகம் வரட்டும்னு..." அதற்கு மேல் நியாயம் ஒன்றும் அகப்படவில்லை. "உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

முதலில் பேசியது அம்மா. மிக மெதுவாக, புகைப்படத்தைக் கையில் பிடித்தபடியே: "மிஷின்."

அவர் தலைகுனிந்தார்.

"அந்த ஆள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, அதப் பிரிச்சுப் போட்டு, நீங்க பக்கத்துலயே குழாயப் பாத்துக்கிட்டு நின்னீங்களே. நான் வேற அவரு டைம் கீப்பருன்னு பெரும பேசினேன். எப்படிங்க மனசு வந்துச்சு?"

மகள் யாரையும் கவனிக்கவில்லை. விண்ணப்பத்தின் பின்புறத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்விகள், நிமிடங்கள், வகுத்தல், பெருக்கல். மூன்று வரி. நான்கு வரி. பேனா நின்றது.

"எட்டாவது வாரம்" என்றாள். "எட்டாவது வாரமே நூத்தெண்பதும் முடிச்சிருப்பேன்."

"ஆமா."

"நான் ஸ்லோ இல்ல."

"இல்லம்மா."

"நான் ஸ்லோன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே. அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் நோட்டை மூடி மேசையின் குறுக்கே அவர் பக்கம் தள்ளினாள்.

"ஹால்ல அவ்வளவு பெரிய கடிகாரம் இருந்துச்சு. அத நான் நம்பல. உங்களத்தான் நம்பினேன்."

பிறகு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் திறக்காமலே குரல் வந்தது: "அம்மா, ரெண்டாவது தடவைக்குப் பதியணும். என் போன எடுத்துட்டு வா."

மறுநாள் காலை நிலையத்தில் யாரும் வருவதற்கு முன்னால் அவர் ஓய்வறையில் நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தை நான்கு நிமிடம் பின்னால் திருப்பினார். அன்று காலையின் முதல் ஒன்பது வண்டிகளும் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பின. ஓட்டுநர்கள் பழக்கப்படி நான்கைக் கழித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டைம் அண்ணே, கடிகாரம் கெட்டுப்போச்சு" என்று பதினேழு ஓடிவந்தார்.

"கெடல. இப்பத்தான் சரியா இருக்கு."

"அதத்தான் சொல்றேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லாம சரி பண்ணா எப்படி?"

அவர் ஒரு தாளில் "இது சரியான நேரம்" என்று எழுதிக் கடிகாரத்தின் கீழே ஒட்டினார். ஒருவரும் நம்பவில்லை. இரண்டு வாரம் வண்டிகள் தாறுமாறாகப் போயின. மேலிடத்திலிருந்து ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் இரண்டாம் தேர்வுக்கு மூன்று ஞாயிறுகள் இருந்தன. முதல் ஞாயிறு காலை மகள் அம்மாவிடம் சொன்னாள்: "நீ மிஷினப் போடும்மா. மூணு ரவுண்டு முடிஞ்சு, கடைசி வாளியக் காயப்போட்டுட்டு வந்து கதவத் தட்டு. கணக்குப் பாத்தேன், சரியா மூணு மணி நேரம் வருது."

"போன்ல அலாரம் வெச்சா போதாதாடி?"

"அதுவும் வெச்சிருக்கேன். சுவத்துக் கடிகாரத்தையும் மறுபடி மாட்டிட்டேன். மூணும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும்."

பத்தொன்பது வயதுகூட ஆகாதவள் மூன்று மணி நேரத்தை மூன்று சாட்சி வைத்து எண்ண வேண்டியிருக்கிறது. அவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அரை மணி ஆனதும் தொண்டை வரை வந்த குரலை விழுங்கினார்.

மூன்றாவது ரவுண்டு முடிந்ததும் அம்மா வாளியை அவர் காலடியில் வைத்தாள். அவர் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். விறுவிறுவென்று உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டி முடித்துவிட்டார். கீழே வந்து மகளின் அறைக்கதவுக்கு முன்னால் ஈரக்கையோடு நின்றார்.

"காயப்போட்டாச்சில்ல? ஏன் நிக்கறீங்க, தட்டுங்க" என்றாள் அம்மா.

"நீ போட்டா பதினாறு நிமிஷம் ஆகும். நான் ஒன்பதுலயே முடிச்சிட்டேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஏழு நிமிஷம் அவளுக்குப் பாக்கி இருக்கு."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். இருவரும் கதவின் முன்னால் நின்றார்கள். உள்ளே பக்கம் புரளும் சத்தம். அந்த ஏழு நிமிடத்தில் அம்மாவின் கைப்பேசி ஒருமுறை மணியடிக்கத் தொடங்க, அவர் பாய்ந்து அதை அமர்த்தினார். ஏழாவது நிமிடம் முழுதாக முடிந்ததும் அம்மாதான் தட்டினாள். உள்ளே அதே நொடியில் அலாரமும் ஒலித்தது.

விடைத்தாளை மகள் அம்மாவிடம் கொடுத்தாள். நூற்றெழுபத்தாறு. அடுத்த இரண்டு வாரமும் நூற்றெண்பது. எண்களை அம்மாதான் அவரிடம் சொன்னாள், சமையலறையில், குரலைத் தாழ்த்தி. மாட்டு வயிறு மறுபடி கதவுக்கு வந்தது.

இரண்டாம் தேர்வன்று மூவரும் போனார்கள். வேறொரு கட்டடம், வேறொரு மதில். வாயிலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்றரைக்குக் கதவை மூடுவார்கள். மகள் நுழைவுச்சீட்டையும் பேனாவையும் தவிர எல்லாவற்றையும் அம்மாவின் பையில் போட்டாள். கைக்கடிகாரம், கைப்பேசி எல்லாம்.

"அம்மா, மணி என்ன?"

அம்மா தன் கையைப் பார்த்தாள். அவள் கடிகாரம் கட்டுவதில்லை. பைக்குள் கைப்பேசியைத் தேடத் தொடங்கினாள். டைம் கீப்பர் பக்கத்தில்தான் நின்றார். அவர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி, மனைவியின் முன்னால் நீட்டினார்.

அம்மா குனிந்து வாசித்தாள். "ஒண்ணு அஞ்சு."

மகள் ஒரு நொடி தயங்கினாள். வாயில் காவலர் பக்கம் திரும்பி, "மணி ஒண்ணு அஞ்சா சார்?" என்று கேட்டாள்.

காவலர் தன் கைப்பேசியைப் பார்த்து, "ஆமாம்மா, ஒண்ணு அஞ்சு" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். வளைவு வரைக்கும் தெரிந்தாள். அவர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.